மண் தடத்தில் முதல் கார் பந்தயம்: விக்டோரியாவில் ஸ்பீட்வே ஓட்ட வருகிறவர்களுக்கு

மெல்பர்னில் இருந்துகொண்டு ஸ்பீட்வேயில் கார் ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதே முதல் பிரச்சினை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அப்பாவோ மாமாவோ ஏற்கனவே ஓட்டியிருப்பார், ஷெட்டில் பழைய கார் ஒன்று நிற்கும், சின்ன வயதிலேயே பிட்டில் (பந்தயக் கார்களை நிறுத்தித் தயார்செய்யும் இடம்) டயர் உருட்டியிருப்பார்கள். நமக்கு அப்படி யாரும் இல்லை. லைசென்ஸ் பற்றி ஓரிடத்தில், விதிப்புத்தகம் இன்னோரிடத்தில், ட்ரெய்லர் சட்டம் விக்ரோட்ஸில் என்று தகவல் சிதறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் தேடிச் சேர்க்க எனக்கு ஒரு சீசன் முழுக்க ஓடிவிட்டது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இது தொழில்முறைப் பந்தயம் இல்லை. வாரநாளில் வேலைக்குப் போய்விட்டு, சனிக்கிழமை களிமண் வட்டத்தில் பழைய கமடோரையோ ஃபால்கனையோ ஓட்டுகிறவர்களின் பந்தயம். பரிசுப் பணம் செலவில் ஒரு மூலைக்குக்கூட வராது. ஆனால் கார் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே திருப்பத்துக்குள் போய், நேராகி வெளியே வரும் அந்த நொடியை ஒருமுறை அனுபவித்தவர்கள் விடுவதில்லை.

வரிசைதான் முக்கியம். பிட், வகுப்பு, லைசென்ஸ், அப்புறம்தான் கார். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் காரை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மற்றதைத் தேடுகிறார்கள். பணம் வீணாவது அங்கேதான்.

1. முதலில் பிட்டுக்குள் போங்கள்

விக்டோரியாவில் சீசன் ஏறக்குறைய அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். மெல்பர்னிலிருந்து கிட்டத்தில் இருப்பது ஜீலாங் போகும் வழியில் லாராவில் உள்ள அவலான் ரேஸ்வே. வாரனாம்பூல் பக்கத்தில் பிரீமியர் ஸ்பீட்வே இருக்கிறது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். ஜனவரியில் அங்கே நடக்கும் கிராண்ட் ஆனுவல் ஸ்பிரின்ட்கார் கிளாசிக் (ஸ்பிரின்ட்கார் என்பது செடான் அல்ல, பந்தயத்துக்கென்றே கட்டிய வேறு வகை வண்டி) வாரத்தில் போனால் கூட்டத்தில் எதையும் உட்கார்ந்து கவனிக்க முடியாது. செடான் கார்கள் ஓடும் ஒரு சாதாரண கிளப் நாளாகப் பார்த்துப் போங்கள்.

முதல் தடவை டிக்கெட் எடுத்துக் கேலரியில் உட்காருங்கள், போதும். பந்தயம் முடிந்ததும் பல இடங்களில் பிட்டைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடுவார்கள். அப்போது போய், காரைக் கழுவிக்கொண்டோ ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டோ இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். "நான் புதுசு, உங்கள் வகுப்பில் ஓட்ட ஆசை, அடுத்த தடவை உதவிக்கு வரலாமா?" என்று நேராகக் கேளுங்கள். ஆள் பற்றாக்குறை இல்லாத டீமை நான் இன்னும் பார்க்கவில்லை, அதனால் மறுக்க மாட்டார்கள்.

அடுத்த கட்டம் பிட் குரூவாக, அதாவது ஒரு டீமுக்குப் பிட்டில் உதவுகிறவராகப் போவது. இதற்கும் தனி லைசென்ஸ் உண்டு, ஓட்டுநர் லைசென்ஸைவிடச் செலவு மிகக் குறைவு. பிட்டுக்குள் கால் முழுக்க மூடிய ஷூ போட்டிருக்க வேண்டும், செருப்போடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். இரண்டு மூன்று பந்தயம் பிட்டில் வேலை செய்தால், கார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். எந்த வீடியோவும் அதைச் சொல்லித் தராது.

2. வகுப்பைத் தீர்மானியுங்கள்

செடான் வகுப்புகளின் விதிகளை வகுப்பது ஸ்பீட்வே செடான்ஸ் ஆஸ்திரேலியா. ஸ்ட்ரீட் ஸ்டாக், புரொடக்ஷன் செடான், மாடிஃபைட் செடான், சூப்பர் செடான் என்று அதன் கீழ் பல வகுப்புகள். புதியவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றுதான் சரி. ரோட்டில் ஓடிய காரின் உடலும் எஞ்சினும்தான் அவற்றுக்கு அடிப்படை, பழைய கார்களைப் பிரித்து விற்கும் ரெக்கர் யார்டில் உதிரி பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன, ஒரு பம்பர் போனால் வீட்டுச் சேமிப்பு போகாது. மாடிஃபைட் போனால் செலவு ஏறும். சூப்பர் செடான் பந்தயத்துக்கென்றே கட்டிய வண்டி, அதைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விக்டோரியாவில் விக்டோரியன் ஸ்பீட்வே கவுன்சில் என்று இன்னோர் அமைப்பும் உண்டு, அதன் கிளப்களில் ஸ்டாண்டர்ட் சலூன் என்ற வகுப்பு ஓடுகிறது. இரண்டு அமைப்புகளின் விதிப்புத்தகங்களும் வேறு. ஒன்றின் விதிப்படி கட்டிய கார் மற்றதில் அப்படியே செல்லும் என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் எந்தத் தடம் இருக்கிறது, அங்கே எந்த வகுப்பில் ஒவ்வொரு வாரமும் பத்துப் பன்னிரண்டு கார்களாவது வருகின்றன என்று பார்த்து, அதை வைத்து முடிவெடுங்கள். காரின் அழகை வைத்து எடுக்க வேண்டாம். கார்கள் வராத வகுப்பில் இருந்தால் சீசனில் பாதி நாள் உங்கள் பந்தயமே நிகழ்ச்சி நிரலில் இருக்காது.

வகுப்பு முடிவானதும் அதன் விதிப்புத்தகத்தை இறக்கி அச்செடுத்து வையுங்கள். நடப்பு சீசனுடையதுதானா என்று தேதியைப் பாருங்கள்.

3. கிளப், லைசென்ஸ், டாக்டர்

முதலில் உங்கள் வகுப்பின் கிளப்பில் உறுப்பினராகச் சேர வேண்டும். சேர்வது சுலபம், ஒரு படிவமும் ஆண்டுச் சந்தாவும். ஆனால் கிளப்பின் செயலாளரோடு ஒருமுறை போனில் பேசிவிடுங்கள். கார் எண் ஒதுக்குவது, உங்கள் காரை முதலில் பரிசோதிக்கப்போகும் ஆள் யார் என்று சொல்வது எல்லாம் அவர் வழியாகத்தான் நடக்கும்.

பந்தய லைசென்ஸை நாடளவில் வழங்குவது ஸ்பீட்வே ஆஸ்திரேலியா. விண்ணப்பம் இணையத்தில். தயாராக வைத்திருக்க வேண்டியவை: அடையாள அட்டை, பாஸ்போர்ட் அளவு படம், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவருடைய விவரம், மருத்துவப் பரிசோதனை கேட்டிருந்தால் டாக்டர் கையெழுத்திட்ட படிவம். கட்டணம் லைசென்ஸ் வகையைப் பொறுத்து மாறும், சில நூறு டாலர் என்று கணக்கில் வையுங்கள். விபத்துக் காப்பீடு ஒன்றும் இந்தக் கட்டணத்தோடு சேர்ந்தே வருகிறது.

டாக்டர் விஷயத்தில் கவனம். விளையாட்டுத் தகுதிக்கான பரிசோதனைக்கு மெடிகேர் பணம் தராது, பல்க் பில்லிங் செய்யும் கிளினிக்காக இருந்தாலும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே இதைச் சொல்லி, நீண்ட நேர அப்பாயின்ட்மென்டாகக் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்ணாடி எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்மில் நிறைய, அதற்காகவே லைசென்ஸ் கிடைக்காது என்று இல்லை. ஆனால் மறைத்தது பின்னால் தெரியவந்தால் காப்பீடு கைகொடுக்காது.

கையில் லைசென்ஸ் வர எத்தனை நாள் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். முதல் பந்தயத்துக்கு ஆறு வாரம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், சீசன் தொடங்கும் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் விண்ணப்பிப்பார்கள்.

4. காப்பீட்டுத் தாள்களை எடுத்துப் படியுங்கள்

இதை எழுதும்போது கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டில் நம்மை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள். சூப்பர் (ஓய்வூதியச் சேமிப்பு) கணக்கோடு வரும் ஆயுள் காப்பீடு, வருமானப் பாதுகாப்பு, தனியாக எடுத்த பாலிசி எல்லாவற்றிலும் மோட்டார் பந்தயத்தை விலக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள், பல பாலிசிகளில் விலக்கியிருப்பார்கள். புரியாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். தற்காலிக விசாவில் இருந்தால் உங்கள் மருத்துவக் காப்பீடு பந்தய விபத்தை ஏற்குமா என்று தனியாகக் கேளுங்கள்.

அப்புறம் ஆம்புலன்ஸ். விக்டோரியாவில் ஆம்புலன்ஸ் செலவு மெடிகேரில் வராது. ஆம்புலன்ஸ் விக்டோரியா உறுப்பினர் சந்தா ஆண்டுக்கு ஒரு சிறு தொகைதான், அது இல்லாமல் ஒருமுறை ஏற்றிக்கொண்டு போனால் பில் ஆயிரம் டாலரைத் தாண்டும், ஹெலிகாப்டர் வந்தால் பல ஆயிரம். பந்தயம் ஓட்டாவிட்டாலும் குடும்பத்துக்கு எடுத்து வைக்க வேண்டிய ஒன்று.

5. கார் வாங்குவது

புதிதாகக் கட்டாதீர்கள். ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு), சீட், எரிபொருள் டேங்க், பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காரை வாங்கும் விலையைத் தாண்டிவிடும், ஒரு வருடமும் போய்விடும். வாங்க நல்ல நேரம் சீசன் முடிந்த ஏப்ரல் முதல் ஜூன் வரை. விலகுகிறவர்களும் வகுப்பு மாறுகிறவர்களும் அப்போதுதான் விற்பார்கள். நான் பார்த்த வரையில் ஓடும் நிலையில் உள்ள நுழைவு வகுப்புக் கார்கள் 6,000 முதல் 15,000 டாலருக்குள் கிடைக்கின்றன. உதிரி எஞ்சினும் சக்கரங்களும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

பார்க்கப் போகும்போது பிட்டில் பழகிய யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் லாக் புக்கைக் கேளுங்கள். காரின் பரிசோதனை, விபத்து, பழுது எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். "லாக் புக் எங்கேயோ இருக்கிறது, அப்புறம் அனுப்புகிறேன்" என்றால் பணம் கொடுக்காதீர்கள். லாக் புக் இல்லாத காரை முதலிலிருந்து பரிசோதனைக்கு விட வேண்டும், கேஜ் இன்றைய விதிக்குப் பொருந்தாவிட்டால் வெட்டிப் போட வேண்டும்.

பிறகு கேஜைக் குனிந்து பாருங்கள். குழாய் தரையில் சேரும் இடங்களில் பெயின்டைச் சுரண்டினால் துரு தெரிகிறதா, வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த கேஜ் என்றால் இன்னும் கவனமாக. இந்தக் கார் எந்தத் தடங்களில், எந்தப் பக்கமாகச் சுற்றி ஓடியது என்பதையும் கேளுங்கள். எடை, ஸ்பிரிங், டயர் எல்லாமே ஒரு பக்கத் திருப்பத்துக்கு ஏற்றபடி வைத்திருப்பார்கள், வேறு மாநிலத்திலிருந்து வாங்கும்போது இதை விட்டுவிடக் கூடாது.

சீட் பெல்ட்டின் தேதியைப் பாருங்கள். எஸ்.எஃப்.ஐ. (பந்தயப் பாதுகாப்புக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) முத்திரை உள்ள பெல்ட்டுகளுக்கு அந்த அமைப்பே வைத்திருக்கும் ஆயுள் உற்பத்தித் தேதியிலிருந்து இரண்டு வருடம். உங்கள் வகுப்பு எத்தனை வருடம் ஏற்கிறது என்று விதிப்புத்தகத்தில் இருக்கும். பழைய காரோடு வரும் பெல்ட் பெரும்பாலும் காலாவதியாகியிருக்கும், புதிய செட்டுக்கு 250 முதல் 400 டாலர் வரை தனியாக வையுங்கள்.

6. உடலுக்குப் போட வேண்டியவை

இந்தப் பகுதியில் மட்டும் மலிவு தேடாதீர்கள்.

ஹெல்மெட்: ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் முத்திரையில் எஸ்.ஏ. என்று இருக்க வேண்டும். எஸ்.ஏ.2020 மாதிரி ஆண்டும் சேர்ந்து வரும். எம் என்று இருப்பது மோட்டார் சைக்கிளுக்கானது, உள்ளே தீப்பிடிக்காத துணி இருக்க வேண்டும் என்ற சோதனை அதற்கு இல்லை. வீட்டில் பைக் ஹெல்மெட் இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பழைய ஹெல்மெட்டை ஆன்லைனில் வாங்கவே வாங்காதீர்கள், அது ஏற்கனவே அடிபட்டதா என்று வெளியிலிருந்து தெரியாது.

உடை: எஸ்.எஃப்.ஐ. 3.2ஏ/1 என்பது ஒரே அடுக்கு, நேரடித் தீயில் சுமார் 3 நொடி தாங்கும். 3.2ஏ/5 சுமார் 10 நொடி. பெல்ட்டைக் கழற்றி, ஸ்டீயரிங்கைக் கழற்றி, ஜன்னல் வலையை அவிழ்த்து வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று வீட்டிலேயே ஒருமுறை நேரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கையுறையும் ஷூவும் தீ தாங்குபவையாக இருக்க வேண்டும். உள்ளே பாலியஸ்டர் பனியன் போடாதீர்கள், சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி போதும், தீ தாங்கும் நோமெக்ஸ் துணி இருந்தால் நல்லது.

கழுத்துப் பாதுகாப்பு: ஹான்ஸ் மாதிரியானவை, எஸ்.எஃப்.ஐ. 38.1 முத்திரையோடு. இதன் அளவும் சாய்வும் சீட்டோடு பொருந்த வேண்டும், அதனால் காரை வாங்கிய பிறகு வாங்குங்கள்.

ஹெல்மெட், உடை, கையுறை, ஷூ, கழுத்துப் பாதுகாப்பு எல்லாம் சேர்த்து 1,800 முதல் 2,800 டாலர் ஆகும். இதைத் தவிர அதிகாரிகளின் குரலைக் கேட்க ஒருவழி ரேடியோவான ரேஸீவர் வேண்டும், சுற்றுகளைக் கணக்கிடும் டிரான்ஸ்பாண்டர் வேண்டும். டிரான்ஸ்பாண்டரைப் பல இடங்களில் அன்றைக்கு மட்டும் வாடகைக்குத் தருவார்கள், அங்கே கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

7. இழுத்துப் போவது

பந்தயக் காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கிடையாது. ரோட்டில் ஒரு அடி ஓட்டக் கூடாது, வீட்டு முன்னால் திருப்பி நிறுத்துவதற்குக்கூட.

கேஜோடு ஒரு கமடோர் ஏறக்குறைய 1,300 கிலோ. கார் ட்ரெய்லர் 500, 600 கிலோ. கருவிகள், உதிரிச் சக்கரம், பெட்ரோல் எல்லாம் ஏறினால் 2 டன்னைத் தொட்டுவிடும். 750 கிலோவைத் தாண்டிய ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம், 2 டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக்கும், ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். நம் வீடுகளில் பரவலாக உள்ள கேம்ரி ஹைப்ரிட் இதை இழுக்காது. பிராடோ, ஹைலக்ஸ் மாதிரி ஒன்று வேண்டும், அதன் கையேட்டில் எழுதியிருக்கும் இழுவை எடையை விற்பனையாளர் சொல்வதை நம்பாமல் நீங்களே படியுங்கள். விக்டோரியாவில் சிவப்பு பி பிளேட்டில் இருப்பவர்கள் பொதுவாக ட்ரெய்லர் இழுக்கக் கூடாது. புதிதாக லைசென்ஸ் எடுத்த நண்பரை ஓட்டச் சொல்ல வேண்டாம்.

முதல் பந்தயங்களுக்கு ட்ரெய்லரை வாடகைக்கு எடுக்கலாம். சனிக்கிழமைக்கு முன்பதிவு செய்யும்போது ஞாயிறு காலை வரை எடுங்கள், பந்தயம் முடிந்து வீட்டுக்கு வர நள்ளிரவைத் தாண்டும். சொந்தமாக வாங்கினால் பி.பி.எஸ்.ஆர். என்ற அரசுப் பதிவேட்டில் ஒரு தேடல் போடுங்கள், 2 டாலர்தான், அதன்மேல் யாருக்கும் கடன் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நாலு சக்கரத்துக்கும் தனித்தனி ராட்செட் பட்டை, புறப்பட்டு இருபது நிமிடத்தில் ஓரமாக நிறுத்தி மறுபடி இறுக்குவது, இரண்டையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

8. பெயர் கொடுப்பது

நாமினேஷன் இணையத்தில்தான். பெரும்பாலும் ஒரு வாரம் முன்பே மூடிவிடுவார்கள், தாமதமாகக் கொடுத்தால் கூடுதல் கட்டணம் அல்லது இடமே இல்லை. பெயர் கொடுத்துவிட்டு வர முடியாமல் போனால் கண்டிப்பாகத் தகவல் சொல்லுங்கள், சொல்லாமல் விடுகிறவர்களுக்கு அடுத்த தடவை மதிப்பு இருக்காது.

புறப்படும் நாள் காலையில் வானிலையைவிடக் கிளப்பின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பாருங்கள். மழை பெய்தால் களிமண் தடம் சேறாகிவிடும், ரத்து செய்வார்கள். கோடையில் டோட்டல் ஃபயர் பேன் (திறந்தவெளியில் தீ மூட்டத் தடை) அறிவித்தாலும் ரத்தாகலாம். அப்படிப்பட்ட நாளில் வீட்டில் திறந்தவெளியில் வெல்டிங், கிரைண்டிங் செய்வதும் தடை. கடைசி நாளில் செய்துகொள்ளலாம் என்று எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

9. பந்தய நாள், நேரப்படி

பந்தயம் சாயங்காலம் ஐந்துக்கோ ஆறுக்கோ தொடங்குகிறது என்றால் நீங்கள் பிற்பகல் ஒரு மணிக்கே பிட் வாசலில் இருக்க வேண்டும். லைசென்ஸ், லாக் புக், நாமினேஷன் ரசீது மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, இழுத்துப் போகும் வண்டியின் முன்சீட்டில் வையுங்கள். பந்தயக் காருக்குள் வைத்துவிட்டுப் பட்டை கட்டிய பிறகு வாசலில் நின்று தேடுகிறவர்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். பிட் குரூவில் யாருக்கு லைசென்ஸ் இல்லையோ அவர்களுக்கு வாசலில் ஒருநாள் அனுமதி வாங்க வேண்டியிருக்கும், விலை அதிகம்.

உள்ளே போனதும் இடம் பிடித்து, காரை இறக்கி, நேராக ஸ்க்ரூட்டினியரிங், அதாவது கார் பரிசோதனை. பரிசோதகர் பெல்ட்டைப் பிடித்து இழுப்பார், பாட்டரியை அசைத்துப் பார்ப்பார், த்ராட்டிலை அழுத்திவிட்டுத் தானாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார், ஜன்னல் வலையை அவிழ்ப்பார், எண் தூரத்திலிருந்து தெரிகிறதா என்று பின்னால் நகர்ந்து பார்ப்பார். ஹெல்மெட்டும் உடையும் பெல்ட்டின் முத்திரையும் வெளியே தெரியும்படி பானெட்டில் பரப்பி வையுங்கள். ஏதாவது சரியில்லை என்றால் வாதாடாதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, செய்துவிட்டு, திரும்ப வரிசையில் நில்லுங்கள். சீக்கிரம் வந்ததன் பலன் அப்போதுதான் தெரியும்.

அடுத்தது ஓட்டுநர் கூட்டம். கட்டாயம். வராதவர்களைப் பின்வரிசைக்குத் தள்ளுவார்கள் அல்லது அபராதம் போடுவார்கள். தொடக்கம் எப்படி, மஞ்சள் விளக்கு வந்தால் எங்கே வரிசை கட்டுவது, பிட்டுக்குள் எந்த வழியாக நுழைவது என்பதெல்லாம் தடத்துக்குத் தடம் மாறும், அதை அங்கேதான் சொல்வார்கள். "புதியவர்கள் யாராவது?" என்று கேட்டால் கையைத் தூக்குங்கள். ஆரம்பப் பந்தயங்களில் புதியவர்களைக் கடைசி வரிசையில் நிறுத்துவது வழக்கம், அது உங்கள் நன்மைக்குத்தான்.

குடிப்பழக்கம் இருந்தால் முந்தைய நாளே நிறுத்திவிடுங்கள். பந்தயம் முடியும் வரை ரத்தத்தில் மது பூஜ்யமாக இருக்க வேண்டும், ஊதச் சொல்வார்கள். இது பிட் குரூவுக்கும்தான்.

சாப்பாடு கையோடு கொண்டு போங்கள். கான்டீனில் பை, சாசேஜ், சிப்ஸ்தான், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சிப்ஸ் மட்டுமே. தயிர் சாதமும் நிறையத் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த உடைக்குள் உடம்பு வற்றிவிடும். ஜனவரியாக இருந்தாலும் இரவு பத்து மணிக்குக் காற்று குளிரும், பிள்ளைகளை அழைத்துப் போனால் ஜாக்கெட்டும் காதடைப்பானும் வேண்டும். ஸ்பிரின்ட்கார்கள் மெத்தனாலில் ஓடுகின்றன, அது எரிந்தால் பகலில் தீ கண்ணுக்குத் தெரியாது. அவற்றுக்கு எரிபொருள் நிரப்பும் இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

10. தடத்தில்

வழக்கமாக இரண்டு மூன்று ஹீட் என்ற சிறு பந்தயங்கள், அவற்றில் சேர்ந்த புள்ளிகளை வைத்து இறுதியில் ஃபீச்சர் என்ற முக்கியப் பந்தயம். ஹீட் எட்டுப் பத்துச் சுற்று, ஃபீச்சர் அதைவிட நீளம். இரண்டிரண்டாக வரிசை கட்டி உருண்டுகொண்டே வந்து, பச்சை விளக்கு விழுந்ததும் பந்தயம்.

மாலையில் தண்ணீர் ஊற்றிய களிமண் ஈரமாக இருக்கும். முதலில் கார்களை மெதுவாகச் சுற்ற விட்டுத் தடத்தை இறுக்குவார்கள், அதற்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், காசில்லாத பயிற்சி அது. ஆரம்ப ஹீட்டில் டயர் மண்ணைக் கவ்வும், ஆனால் முன்னால் போகும் காரின் சேறு முகத்தில் வந்து அறையும். இந்தக் கார்களுக்கு முன்கண்ணாடி கிடையாது, கம்பியும் வலையும்தான். அதனால் ஹெல்மெட் வைசரின் மேல் கிழித்தெறியும் பிளாஸ்டிக் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுவோம். ஒட்டும்போது ஒவ்வொன்றின் நுனியையும் சற்று மடித்து விடுங்கள், மேலே இருப்பதன் நுனி எல்லாவற்றையும்விட வெளியே நீட்டியிருக்கட்டும். இல்லையென்றால் கையுறை போட்ட விரலில் நாலும் சேர்ந்து ஒரே இழுப்பில் வந்துவிடும், மிச்சச் சுற்றை மங்கலாகத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

இரவு ஏற ஏறத் தடம் காய்ந்து, ஓடும் கோடு கறுப்பாகப் பளபளக்கும். அங்கே பிடிப்பு குறைவு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் சுழலும், கார் நகராது. புதியவர்கள் வேகம் போதவில்லை என்று இன்னும் மிதிப்பார்கள், கார் திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். நேர்ப்பாதை முடிவதற்கு முன்பே காலை எடுங்கள், கார் முன்பக்கம் சாயட்டும், திருப்பத்துக்குள் மெல்ல மிதியுங்கள். பார்வை பானெட்டில் இருக்கக் கூடாது, திருப்பம் முடிந்து வெளியேறும் இடத்தில் இருக்க வேண்டும்.

விளக்கும் கொடியும்: மஞ்சள் என்றால் வேகத்தைக் குறைத்து ஒற்றை வரிசை, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் உடனே பாதுகாப்பாக நிறுத்துங்கள், பிட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. உங்களுக்குக் கருப்புக் கொடி காட்டினால் பந்தயத்திலிருந்து விலக வேண்டும். வேகமானவர்கள் உங்களை ஒரு சுற்று முந்த வரும்போது உங்கள் கோட்டிலேயே நேராகப் போய்க்கொண்டிருங்கள். வழிவிடுகிறேன் என்று திடீரென ஒதுங்கினால் அவர் ஏற்கனவே அந்தப் பக்கம் வந்திருப்பார்.

கார் கவிழ்ந்தாலோ நடுத்தடத்தில் நின்றாலோ, தீ இல்லாதவரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள், இறங்காதீர்கள். ஜன்னல் வலையைக் கீழே தள்ளி நலம் என்று காட்டுங்கள், பாதுகாப்புக் குழு வரும் வரை உள்ளேயே இருங்கள். கேஜுக்குள் பெல்ட்டோடு இருக்கும்வரைதான் உங்களுக்குப் பாதுகாப்பு. கோபத்தில் இறங்கி இன்னொருவர் காரை நோக்கி நடப்பதற்கு எல்லா இடத்திலும் கடுமையான தண்டனை உண்டு. புகார் இருந்தால் பந்தய அதிகாரியான ஸ்டூவர்டிடம் எழுத்தில் கொடுங்கள், அதற்கு நேர வரம்பும் கட்டணமும் இருக்கும்.

தலையில் அடி பட்டிருந்தால், லேசாகத் தலைசுற்றினாலும், மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். அன்றைக்கு ஓட்ட விடமாட்டார்கள், அடுத்துக் காரில் ஏறும் முன் டாக்டர் கடிதம் கேட்பார்கள். வாகனத்துக்கு ஏற்பட்ட பெரிய சேதமும் லாக் புக்கில் எழுதப்படும், பழுது பார்த்து மறுபரிசோதனை முடியாமல் கார் மறுபடி தடத்தில் இறங்க முடியாது.

11. செலவுக் கணக்கும் ஞாயிறு காலையும்

முதல் சீசனுக்கு மொத்தமாக, கார், உடை, லைசென்ஸ், பெல்ட், ட்ரெய்லர் வாடகை எல்லாம் சேர்த்து 12,000 முதல் 20,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒரு பந்தய நாளுக்கு நாமினேஷன், குரூ அனுமதி, பெட்ரோல், இழுக்கும் வண்டியின் டீசல், டயர் தேய்மானம் என்று 300 முதல் 500 டாலர், எதுவும் உடையாவிட்டால். உடையும். கார் விலைக்கு மேல் 2,000 டாலராவது கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள், எல்லாப் பணத்தையும் காரிலேயே போட்டவர்கள் முதல் மோதலோடு சீசனை முடித்துக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கைத் தொடங்கும் முன்பே வீட்டில் காட்டிவிடுங்கள். பணம் மட்டுமல்ல, சீசன் முழுக்கச் சனிக்கிழமைகளும் போகும்.

இரவே காரைக் கழுவ முடியாது, ஆனால் ஞாயிறு மதியத்துக்குள் கழுவிவிடுங்கள். காய்ந்த களிமண் கல்லாகிவிடும். சக்கரத்தின் உள்பக்கம், ரேடியேட்டர் இடுக்கு, சஸ்பென்ஷன் கைகளுக்கு மேல், சீட் அடியில் என்று மண் கிலோக் கணக்கில் தங்கும். சக்கரத்தில் ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் அடுத்த தடவை கார் அதிரும், ரேடியேட்டரில் இருந்தால் எஞ்சின் சூடாகும். தெருவில் வைத்துக் கழுவாதீர்கள், மண்ணும் எண்ணெயும் மழைநீர்க் கால்வாய்க்குள் போனால் கவுன்சில் அபராதம் போடலாம். புல்தரையில் தார்ப்பாய் விரித்து மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுய சேவைக் கார் வாஷில் ட்ரெய்லரோடு நிறுத்த அனுமதிக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

கழுவிய பிறகு ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரை வைத்து ஒரு சுற்றுப் பாருங்கள், பெல்ட்டை விரித்து நிழலில் காய வையுங்கள், உடைந்ததை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பந்தயத்தின் நாமினேஷன் பெரும்பாலும் அந்த வாரமே மூடும். திங்கள் இரவு அந்தப் பட்டியலை எடுத்து, எந்த உதிரி பாகம் வெள்ளிக்குள் கைக்கு வரும் என்று பார்த்துவிட்டுப் பெயர் கொடுங்கள்.